கோவூர் கிழார்: சந்து செய்வித்த சான்றோர்

முன்னுரை

சங்கப் புலவருள் வேந்தரின் சினத்திற்கு எதிர்நின்று பேசியவராகக் கோவூர் கிழார் அறியப்படுகிறார். புறநானூற்றில் இவர் பாடியனவாக 15 பாடல்கள் உள்ளன. சோழன் நலங்கிள்ளியைப் பலகால் பாடிச் சிறப்பித்தவர் இவர். அவ்வுறவே இவரது வாழ்வில் ஓர் அறச்சிக்கலாகவும் அமைந்தது. தம் புரவலனுக்கும் அவன் பகைவனுக்கும் இடையே ஒரு புலவர் நடுநிலை பிறழாது பேசுதல் இயலுமா என்பதே அச்சிக்கல். 44 முதல் 47 வரையுள்ள புறப்பாடல்களும் அவற்றின் அடிக்குறிப்புகளும் இதற்கு விடை தருகின்றன.

இரு முற்றுகைகள்

நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் ஒரே சோழர் குடியினர். ஆவூர் முற்றுகையிடப்பட்டபோது நெடுங்கிள்ளி கோட்டைக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளிருந்தான். துன்பமோ ஊரார்மேல் விழுந்தது. பாலின்றி அழும் குழந்தைகளையும், பூவின்றி வெறுந்தலை முடிக்கும் மகளிரையும், கவளமின்றி வருந்தும் யானைகளையும் புலவர் அவன்முன் எடுத்துக்காட்டினார். அறத்தைக் கருதினால் கதவைத் திறந்து நகரை அளித்தல், மறத்தைக் கருதினால் கதவைத் திறந்து பொருதல் என்னும் இரு வழிகளை மட்டுமே அவனுக்கு வைத்தார். மதிலுள் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்றும் இடித்துரைத்தார்.

உறையூர் முற்றுகையில் அவரது அணுகுமுறை மாறுகிறது. எதிர்நிற்பவன் சேரனும் அல்லன், பாண்டியனும் அல்லன்; இருவர் சூடியதும் ஆத்திமாலையே. இருவரும் வெல்லுதல் இயற்கை அன்று. எவர் தோற்பினும் தோற்பது சோழர் குடியே. இப்போரால் மகிழ்வோர் பிற வேந்தரே என உணர்த்தினார். இவ்விடித்துரையினின்று தம் புரவலனுக்கும் அவர் விலக்களிக்கவில்லை.

உயிர்காத்த இரு நிகழ்வுகள்

குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன், மலையமானின் மக்களை யானைக்கு இட முற்பட்டான். புறாவின் துயர் தீர்த்த மரபில் வந்தவன் அவன் என்பதையும், அச்சிறுவர் புலவரின் வறுமை கண்டு பகுத்துண்ட குடியினர் என்பதையும் கிழார் நினைவூட்டினார். யானையைக் கண்ட வியப்பில் அழுகை மறந்து, பின் அவையைக் கண்டு மருளும் அவர்தம் நிலையைக் காட்டினார். முடிவை வேந்தனிடமே விட்டார்.

நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் வந்த இளந்தத்தன் என்னும் புலவனை ஒற்றன் எனக் கருதி நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். நலங்கிள்ளியைப் பாடிய கிழாரும் அதே ஐயத்திற்கு உள்ளாகக்கூடியவரே. எனினும் அவர் பரிசிலர் வாழ்வின் இயல்பை விளக்கினார். பெற்றதைப் பிறர்க்கு அளித்து, கல்வியால் மாற்றாரை நாணச் செய்வதன்றிப் பிறர்க்குத் தீங்கறியாத அவ்வாழ்வு, மண்ணாளும் வேந்தரின் பெருமைக்கு நிகரானது என நிறுவினார்.

முடிவுரை

45, 46, 47 ஆகிய மூன்றும் துணைவஞ்சித் துறையின. இவற்றுள் பின்னிரண்டின் அடிக்குறிப்புகள் உயிர்கள் காக்கப்பட்டமையைத் தெளிவாகக் கூறுகின்றன. 44, 45ஆம் பாடல்களின் குறிப்புகள் போர் தவிர்ந்ததாகக் கூறவில்லை. நெடுங்கிள்ளி காரியாறு என்னுமிடத்தில் இறந்தமையை அவனது அடைமொழி காட்டுகிறது. எனவே கிழாரின் பெருமையை வெற்றியால் மட்டும் அளத்தல் பொருந்தாது. நாணம், குடிப்பெருமை, முன்னோர் புகழ் எனக் கேட்போன் மதிக்கும் ஒன்றையே ஒவ்வோரிடத்தும் வாதத்திற்கு அடிப்படையாக்கியது அவரது சூழ்ச்சித்திறன். அத்திறனைப் புரவலனின் நலத்திற்கன்றி, முடிவெடுக்கும் உரிமையற்றுத் துன்புற்றோரின் பொருட்டுப் பயன்படுத்தியது அவரது அறம் எனலாம்.