அர்மேனியன் தெருவின் இதழாசிரியர்

பாரசீகத்து ஷிராஸ் நகரில் 1750ஆம் ஆண்டு பிறந்தவர் ஹருத்யூன் ஷ்மவோனியன். மைந்தர் இருவரை ஒரே வாரத்தில் பறிகொடுத்த அப்பெருந்தகை, 1784இல் சென்னைப் பட்டணத்து அர்மேனியர்க்குக் குருவாய் அமர்ந்தார். அந்நாளில் அர்மேனியர்க்குத் தனியரசு இல்லை. தாயகம் துருக்கியர்க்கும் பாரசீகர்க்கும் உட்பட்டுக் கிடந்தது. வணிகத்தின் பொருட்டுத் திசைதோறும் சிதறியோரைப் பிணைத்தவை திருச்சபையும், ஐந்தாம் நூற்றாண்டில் மெஸ்ரோப் என்னும் துறவி வகுத்தளித்த எழுத்துமே. அவ்வெழுத்தை அச்சேற்றக் குருவானவர் அச்சுக்கூடம் நிறுவினார். 1794 அக்டோபரில் ‘அஸ்தரார்’ என்னும் திங்களிதழ் மலர்ந்தது. அர்மேனிய மொழியின் முதல் இதழ் அரராத் மலைச்சாரலில் அன்று, நம் சென்னையிலன்றோ பிறந்தது! பின்னர் நிகழ்ந்தது சிற்றிதழ் நடத்திய அன்பர் அனைவரும் அறிந்ததே. சந்தா செலுத்தியோர் சிலர்; பதினெட்டு இதழ்களோடு 1796இல் அது நின்றது. குருப்பணியை மட்டும் 1824இல் மறையும்வரை அவர் விடவில்லை. அர்மேனியன் தெருத் தேவாலய வளாகத்திலேயே அவர் கல்லறை உள்ளது.