அணித்தலைவர் ஒருவரின் அரசியல் பாடம்

வெற்றிக் கிண்ணம் ஏந்திய கரங்கள் வாக்குக் கேட்டு நீள்வது எமது நாட்டில் புதுமையன்று. கிரிக்கெட் அணித்தலைவர்களாக விளங்கிய அர்ஜுன ரணதுங்கவும் சனத் ஜயசூரியவும் நாடாளுமன்றம் சென்றதை நாம் கண்டிருக்கின்றோம். அவர்களுக்குப் பல தசாப்தங்கள் முன்னரே மைதானத்திலிருந்து அரசியலுக்கு வந்தவர் இந்திய ஹொக்கி அணித்தலைவர் ஜெய்பால் சிங் முண்டா. கிழக்கில் அருகருகே வாழும் தமிழரும் முஸ்லிம்களும் ஊன்றிக் கவனிக்க வேண்டிய வாழ்க்கை அவருடையது.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தின் குந்தி மாவட்டத்தில், முண்டா பழங்குடிக் குடும்பமொன்றில் 1903 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். மிஷனரிமாரின் உதவியால் ஒக்ஸ்போர்ட் வரை சென்று கற்றார். இந்திய சிவில் சேவைக்குத் தெரிவாகிப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த வேளையில், 1928 ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கான இந்திய ஹொக்கி அணிக்குத் தலைமை தாங்கும் அழைப்பு வந்தது. விடுமுறை மறுக்கப்பட்ட போதிலும் அவர் விளையாடச் சென்றார். இறுதிப் போட்டிக்கு முன்னரே அணியை விட்டு விலகினாராயினும், எதிரணிகளுக்கு ஒரு கோலைக்கூட விட்டுக்கொடுக்காது இந்தியா தங்கப்பதக்கம் வென்றது. பின்னர் அச்சேவையையும் அவர் துறந்தார்.

உயர் பதவிகளுடன் வசதியாக வாழ்ந்திருக்கக்கூடிய அவர், 1939 இல் ஆதிவாசி மகாசபையின் தலைமையை ஏற்றார். காடும் நிலமும் பறிபோய்க் கொண்டிருந்த தம் மக்களுக்குத் தனி மாநிலம் கோரினார். 1946 இல் அரசியல் நிர்ணய சபையில் அவர் எழுப்பிய குரல், பழங்குடியினரின் உரிமைகளை இந்தியத் தலைவர்களின் கவனத்திற்குக் கொணர்ந்தது. மக்கள் அவரை மராங் கோம்கே, அதாவது பெருந்தலைவர் என அழைத்தனர்.

மகாசபை ஜார்க்கண்ட் கட்சியாக மாறியபோது, அப்பிரதேசத்தில் வாழ்ந்த பழங்குடியல்லாதோருக்கும் அதன் கதவுகள் திறக்கப்பட்டமை குறிப்பிடத்தக்கது. 1952 தேர்தலில் அக்கட்சி பீகார் சட்டசபையில் 32 ஆசனங்களைப் பெற்று பிரதான எதிர்க்கட்சியாயிற்று. ஆயினும், பழங்குடியினர் அப்பிரதேசத்திலேயே சிறுபான்மையினர் என்பதையும் ஒரு காரணமாகக் காட்டி, 1955 இல் மாநில மறுசீரமைப்பு ஆணைக்குழு கோரிக்கையை நிராகரித்தது. கதவு திறந்திருந்தும் அயலவரின் நம்பிக்கை போதிய அளவு வென்றெடுக்கப்படவில்லை என்றே நாம் கருதுகின்றோம். 1963 இல் அவர் தமது கட்சியைக் காங்கிரசுடன் இணைத்தார். மாநிலம் கிடைக்கவில்லை, பேரம் பேசும் பலமும் கரைந்தது. 1970 இல் அவர் காலமானார். ஜார்க்கண்ட் மாநிலம் மலர்ந்ததோ 2000 நவம்பர் 15 ஆம் திகதியன்றுதான்.

இவ்வாழ்க்கை எமக்கு உணர்த்துவது யாது? விளையாட்டுப் புகழ் மேடையில் ஏற உதவலாம். மேடையில் நிற்பதற்கு மக்களின் நம்பிக்கை வேண்டும். அதிலும் ஒரு சமூகத்தின் நம்பிக்கை மட்டும் போதாது. யுத்த காலத்தில் தமிழரும் முஸ்லிம்களும் இடம்பெயர்ந்து துயருற்ற உன்னிச்சை போன்ற கிராமங்களுக்கு இது நன்கு பொருந்தும். குளத்து நீரும் வயல் நிலமும் இரு சமூகத்தவருக்கும் வாழ்வாதாரம். ஒரு சமூகம் மற்றதை எதிரணியாகக் கருதும்வரை, இரண்டின் கோரிக்கைகளையும் தட்டிக்கழிப்பது கொழும்புக்கு எளிது. கரப்பந்தாட்டத்தைத் தேசிய விளையாட்டாகக் கொண்ட நாட்டில் வாழும் எமக்கு, ஒருவர் உயர்த்தித் தரும் பந்தையே மற்றவர் அடித்து வெல்கிறார் என்பது தெரியாததன்று. நாளை மைதானத்திலிருந்து வாக்குக் கேட்டு வருவோரிடம் அவர்கள் வென்ற பதக்கங்களை மட்டும் பாராது, இரு சமூகத்தையும் ஓரணியாக நிறுத்தும் ஆற்றல் உண்டா என்பதையும் நாம் கேட்டறிய வேண்டும்.