மெக்கானிக் ஜெயித்த ரேஸ்

கார் ரேஸ் என்றாலே பணக்காரர்கள் விளையாட்டு என்றுதான் நாம் நினைக்கிறோம். ஆனால் தன் காரைத் தானே கழற்றி, தானே பூட்டி, தானே ஓட்டி ஜெயித்த ஒரு மெக்கானிக் இருந்தார். அவர் பெயர் வெண்டல் ஸ்காட்.

அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலம் டான்வில் ஊரில் 1921-ல் ஒரு கறுப்பினக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா டிரைவர், மெக்கானிக். அவரிடமே தொழில் கற்றார். டாக்சி ஓட்டினார். இரண்டாம் உலகப் போரில் ராணுவ மெக்கானிக்காக வேலை பார்த்தார். ஊர் திரும்பி சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டார். வருமானம் பத்தவில்லை. ராத்திரியில் காரில் கள்ளச்சாராயம் கடத்தினார். 1949-ல் மாட்டிக்கொண்டார். அது தப்புதான், மறைக்க வேண்டாம்.

1952-ல் உள்ளூர் ரேஸ் நடத்தியவர்கள், கூட்டம் சேர்க்க ஒரு கறுப்பு டிரைவரைத் தேடினார்கள். போலீஸிடமே விசாரித்தார்கள். போலீஸ் கைகாட்டிய ஆள் நம்ம ஸ்காட்! வேடிக்கைக்காகக் கூப்பிட்டார்கள், அவரோ அதையே தொழிலாக்கிக்கொண்டார்.

அது ஸ்டாக் கார் ரேஸ். ரோட்டில் ஓடும் கார் மாதிரிதான் இருக்கும். எஞ்சினையும் சஸ்பென்ஷனையும் ரேஸுக்காக மாற்றியிருப்பார்கள். 1961-ல் நாஸ்கார் அமைப்பின் முதல் தரப் போட்டிக்கு வந்தார். பெரிய டிரைவர்களுக்குக் கம்பெனி பணம் இருந்தது. இவருக்குப் பழைய கார், பழைய பார்ட்ஸ், ஒத்தாசைக்குப் பெற்ற பிள்ளைகள். சில டிராக்கில் உள்ளேயே விடவில்லை.

1963 டிசம்பர் 1. புளோரிடாவில் ஜாக்சன்வில் நகரம், அரை மைல் மண் டிராக். இன்னும் 25 சுற்று இருக்கும்போது ரிச்சர்ட் பெட்டியை முந்தினார் ஸ்காட். ஆனால் ஜெயித்தவர் பக் பேக்கர் என்று அறிவித்து, கோப்பையையும் அவரிடமே கொடுத்துவிட்டார்கள். ஸ்காட் விடவில்லை, கணக்கைத் திரும்பப் பார்க்கச் சொன்னார். சில மணி நேரம் கழித்து, இவர்தான் இரண்டு சுற்று முன்னால் என்று ஒத்துக்கொண்டார்கள். அதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. பரிசுப்பணம் வந்தது, கோப்பை வரவில்லை. நாஸ்கார் முதல் தரப் போட்டியில் ஒரு கறுப்பினத்தவர் ஜெயித்தது அதுதான் முதல் முறை!

1973-ல் டாலடேகா டிராக்கில் பெரிய விபத்து. உடம்பு நொறுங்கியது, ரேஸ் வாழ்க்கையும் ஏறக்குறைய முடிந்தது. மொத்தம் 495 ரேஸ். 147 முறை முதல் பத்துக்குள். வெற்றி ஒன்றே ஒன்று. 1990-ல் காலமானார். 2015-ல் நாஸ்கார் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்ந்தது. கோப்பையை நாஸ்கார் 2021-ல்தான் அவர் குடும்பத்திடம் கொடுத்தது.

நண்பர்களே, எங்கள் வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான். முதலில் போகிறவனுக்குக் கணக்கு சரியாகப் போடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால் நம் சுற்றை நாமே எண்ணிக்கொள்வோம். கணக்கு தப்பினால் தைரியமாகக் கேட்போம். மறுநாள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வேலைக்குப் போவோம். ஸ்காட் அப்படித்தான் செய்தார்.