கைமாற்றிவிட்ட மனிதர் – ஹைரம் பெர்சி மேக்சிம்

வாட் கூடினால் தூரம் கூடும் என்று நம்பியவர்களில் நானும் ஒருவன். போன செமஸ்டரில் நானும் என் பெஞ்ச் நண்பனும் 27 மெகாஹெர்ட்ஸ் சி.பி. ரேடியோவுக்குப் பின்னால் மாட்டுகிற ஆம்ப்ளிஃபையர் ஒன்று செய்தோம். அமெரிக்க லாரி டிரைவர்கள் 'லீனியர்' என்பார்களே, அதுதான். ஏரியலில் கொடுத்தால் சட்டப்படி குற்றம் என்று சார் கண்டித்துச் சொன்னதால் டம்மி லோடில் மட்டும் சோதித்தோம். ஹீட் சிங்க் பத்தவில்லை. ரெண்டே நிமிஷத்தில் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அதன் விலை எங்க அம்மாவின் ஒரு நாள் கூலி. அம்மா சித்தாள் வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அன்று ராத்திரி தூக்கமே வரலை. மறுநாள் நூலகத்தில் போய் உட்கார்ந்தபோதுதான் மேக்சிம் கிடைத்தார்.

ஹைரம் பெர்சி மேக்சிம் 1869-ம் ஆண்டு செப்டம்பர் 2-ம் தேதி அமெரிக்காவின் புரூக்ளினில் பிறந்தார். அப்பா பெயரும் ஹைரம் மேக்சிம்தான்; மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். மகன் சிறுவனாக இருக்கும்போதே அப்பா ஐரோப்பா போய் அங்கேயே தங்கிவிட்டார். மகன் 17 வயது நிறையும் முன்பே, 1886-ல், எம்.ஐ.டி.யில் படிப்பை முடித்தார். நம்ம வயசுதான், யோசித்துப் பாருங்கள்! பிறகு ஹார்ட்ஃபோர்டு நகரில் மோட்டார் கார் செய்யும் வேலை. 1909-ல் துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சருக்குப் பேட்டன்ட் வாங்கினார். அப்பா போட்ட சத்தத்தை மகன் அடக்கினார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.

ரேடியோ ஆசை அவருக்குத் தன் மகன் மூலமாகத்தான் வந்தது. அந்தக் காலத்து அமெச்சூர்கள் தீப்பொறி டிரான்ஸ்மிட்டரில் மோர்ஸ் அடிப்பார்கள். 1912-ம் ஆண்டுச் சட்டம் அவர்களை 200 மீட்டருக்குக் கீழே தள்ளி, ஒரு கிலோவாட்டுக்கு மேல் கூடாது என்று கட்டிப்போட்டது. மேக்சிமிடம் அந்த முழு ஒரு கிலோவாட்டும் இருந்தது. ஆனாலும் 1914 ஏப்ரலில் ஒரு நாள், சுமார் 40 கிலோமீட்டரில் இருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்கு அவர் செய்தி எட்டவில்லை. அங்கே ஒருவரிடம் விலைக்கு வந்த ஆடியான் வால்வு ஒன்றை வாங்க வேண்டும், அவ்வளவுதான். இருவருக்கும் நடுவில் விண்ட்சர் லாக்ஸ் ஊரில் ஒரு அமெச்சூர் இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது. அவரைக் கூப்பிட்டார். அவர் செய்தியை வாங்கி ஸ்பிரிங்ஃபீல்டுக்குக் கொடுத்தார். வேலை முடிந்தது.

இதைப் படித்ததும் எனக்குக் காங்கிரீட் போடுகிற நாள்தான் கண்ணில் நின்றது. கலவைச் சட்டியை ஒருத்தரே மேலே சுமப்பதில்லை. சாரத்தில் வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றி மாடிக்கு ஏற்றுவார்கள். அம்மா அந்த வரிசையில் மூன்றாவதாகவோ நாலாவதாகவோ நிற்பார்.

மேக்சிம் அதோடு விடவில்லை. கிளாரன்ஸ் டஸ்கா என்ற இளைஞரோடு சேர்ந்து அதே 1914-ல் அமெரிக்கன் ரேடியோ ரிலே லீக் என்ற சங்கத்தைத் தொடங்கினார். ரிலே என்ற சொல் பெயரிலேயே இருக்கிறது பாருங்கள். 1915 டிசம்பரில் இருவரும் சொந்தக் காசில் 'க்யூ.எஸ்.டி.' பத்திரிகையைக் கொண்டுவந்தார்கள். 1917-ன் தொடக்கத்தில் நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சல்சுக்குப் போன செய்திக்கு 1 மணி 20 நிமிடத்தில் பதில் வந்து சேர்ந்தது. எல்லாம் கைமாற்றுதான்.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்கா போரில் இறங்க, அமெச்சூர் நிலையங்கள் அனைத்தையும் அரசு மூடியது. போர் முடிந்த பிறகும் ரேடியோ முழுவதையும் கடற்படையிடமே கொடுக்க ஒரு மசோதா வந்தது. மேக்சிம் வாஷிங்டன் போய் அதை எதிர்த்துப் பேசினார். 1919-ல் தடை நீங்கியது. இந்த மனிதர் அன்று சும்மா இருந்திருந்தால் அமெச்சூர் ரேடியோ என்று ஒன்று மிஞ்சியிருக்குமா என்பது என் சந்தேகம்.

1921 டிசம்பரில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் பார்க்க லீக் முடிவு செய்தது. அதற்காக இன்னும் பெரிய டிரான்ஸ்மிட்டர் கட்டவில்லை. பால் காட்லி என்ற நிபுணரை நல்ல ரிசீவரோடு கப்பலேற்றி ஸ்காட்லாந்துக்கு அனுப்பியது. ஆர்ட்ராசன் என்ற கடற்கரை ஊரில் அவர் கூடாரம் அடித்து, நீளமாகக் கம்பி இழுத்து, குளிரில் உட்கார்ந்து கேட்டார். இருபதுக்கும் மேற்பட்ட அமெரிக்க நிலையங்கள் காதில் விழுந்தன!

இங்கேதான் என் கணக்கு எங்கே தப்பியது என்று புரிந்தது. சி.பி.க்கு அமெரிக்காவில் 4 வாட் அளவு. லீனியர் மாட்டி 100 வாட் ஆக்கினால் 25 மடங்கு, டெசிபலில் 14தான். ஒரு எஸ் யூனிட்டுக்கு 6 டெசிபல் என்பதால் எதிராளியின் மீட்டர் முள் இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே ஏறும், அவ்வளவே. நம் குரல் அவனுக்குக் கேட்கும், அவனுடைய 4 வாட் நமக்குக் கேட்காது. சுத்தமில்லாத லீனியர் என்றால் பக்கத்து வீட்டு டி.வி.யும் சேர்ந்து கெடும். இந்தத் தொல்லை தாங்காமல்தான் 1978-ல் அந்த நாட்டில் இவ்வகை ஆம்ப்ளிஃபையர் விற்பனைக்கே தடை போட்டார்கள்.

1925-ல் பாரிஸில் உலக அமெச்சூர் ரேடியோ சங்கம் அமைந்தபோது மேக்சிம்தான் முதல் தலைவர். 1936 பிப்ரவரி 17 அன்று கொலராடோ மாநிலத்தின் லா ஹன்டாவில் இறந்தார். அவருடைய டபிள்யூ1ஏடபிள்யூ என்ற அழைப்புக்குறியை லீக்கின் தலைமை நிலையத்துக்கே கொடுத்துவிட்டார்கள். இன்றும் அந்தப் பெயரில் அது ஒலிபரப்புகிறது.

எரிந்த டிரான்சிஸ்டர் என் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கிறது. இந்த செமஸ்டர் நாங்கள் ரிசீவர் செய்கிறோம்.