நெல்வயலும் பால்வீதியும்

நுழையும்முன்

ஜப்பானியப் பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த எழுத்தாளர் ஒருவர், தம் வாழ்நாளில் எழுத்தால் பெற்ற ஊதியம் ஐந்து யென் மட்டுமே என்பர். கதை, கவிதை, பாடல், நாடகம் எனப் பலவற்றைப் படைத்த அவர், உழவர்களுக்கு உரக்கணக்கு எழுதித் தந்தவராகவும் விளங்கினார். மியாசவா கென்ஜி என்னும் அப்படைப்பாளியின் வாழ்வை இப்பாடம் கூறுகிறது. மியாசவா என்பது குடும்பப்பெயர். ஜப்பானியர் அதனை முன்னால் வைத்தே வழங்குவர்.

குளிர்காற்றின் நாடு

ஜப்பானின் பெருந்தீவாகிய ஹோன்ஷூவின் வடகிழக்குப் பகுதி தோஹோக்கு எனப்படும். அங்கு, இவாத்தே மாநிலத்தின் ஹனமாக்கி என்னும் ஊரில் 1896 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27 ஆம் நாள் கென்ஜி பிறந்தார். அவ்வாண்டு ஜூன் திங்களில்தான் அம்மாநிலக் கடற்கரையை ஆழிப்பேரலை தாக்கி, இருபதாயிரத்திற்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றிருந்தது. குழந்தை பிறந்த நான்காம் நாள் பெரியதொரு நிலநடுக்கமும் நேர்ந்தது. எனினும் இவை எப்போதோ வருபவை. உழவர்கள் ஆண்டுதோறும் அஞ்சியது, கோடையில் கடலிலிருந்து வீசும் ‘யமாசே’ என்னும் குளிர்காற்றையே. அக்காற்று நீடித்தால் நெற்கதிரில் மணி பிடிக்காது. 1902, 1905, 1913 ஆகிய ஆண்டுகளில் அவ்வாறே விளைச்சல் பொய்த்தது.

கென்ஜியின் தந்தை மசாஜிரோ அடகுக்கடையும் பழந்துணி வணிகமும் நடத்தியவர். பஞ்சம் வந்த ஆண்டுகளில் கடையின் படியேறி வந்தவர்கள் ஏழை உழவர்களே. அவர்கள் வீட்டுப் பொருள்களைக் கொடுத்துச் சிறு தொகை பெற்றுச் செல்வதைக் கண்டு வளர்ந்த மூத்த மகனுக்கு, தம் இல்லத்தின் செழிப்பு பிறருடைய துன்பத்தின்மேல் நிற்பதாகத் தோன்றியது. அவ்வுறுத்தல் அவரை இறுதிவரை விட்டு நீங்கவில்லை. மசாஜிரோ கொடியவர் அல்லர், ஊரில் மதிக்கப்பெற்றவர், பௌத்த நெறியில் ஆழ்ந்த பற்றுடையவர். மகனின் மறுப்பு அவருக்கு விளங்காத புதிராக இருந்ததில் வியப்பில்லை.

சிறுவயதிலேயே கென்ஜிக்குக் கற்களைத் திரட்டுவதில் பெருவிருப்பம். மோரியோக்கா நகரில் பயின்ற காலத்தில் மலைகளில் அலைந்து பாறைகளை ஆராய்ந்தார். பின்னர் அந்நகரின் வேளாண்மை வனவியல் உயர்கல்லூரியில் சேர்ந்து மண்ணியல் கற்று, 1918 இல் தேர்ச்சி பெற்றார். இதற்கிடையே ‘தாமரைச் சூத்திரம்’ என்னும் பௌத்த நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. தந்தையின் நெறி வேறு, மகனின் நெறி வேறு என்றாயிற்று. வாதங்கள் முற்றவே, 1921 ஜனவரியில் வீட்டாருக்குச் சொல்லாமல் டோக்கியோவுக்குத் தொடர்வண்டி ஏறினார். அங்கே பகலில் ஓர் அச்சகத்தில் படியெடுக்கும் பணி. இரவில் கதை எழுதுதல். தங்கை தோஷியின் உடல்நலம் குன்றியது என்ற செய்தி வந்தபோது, ஒரு பெரிய பெட்டி நிறையக் கையெழுத்துப் படிகளுடன் ஊர் திரும்பினார்.

ஆசிரியரும் பாடலாசிரியரும்

1921 டிசம்பரில் உள்ளூர் வேளாண்மைப் பள்ளியில் ஆசிரியரானார். உழவர்களின் பிள்ளைகளே அங்கு மாணவர்கள். கென்ஜி பாடநூலை மூடிவைத்துவிட்டு அவர்களை ஆற்றங்கரைக்கும் வயலுக்கும் அழைத்துச் சென்றார். பள்ளிக்கென அவர் இயற்றிய பாடலுக்கு மற்றொருவர் இசையமைத்தார். மாணவர்கள் நடிப்பதற்குப் பாடல்கள் நிறைந்த நாடகங்களையும் எழுதினார். மேலை இசைத்தட்டுகளைத் தேடித்தேடி வாங்கிய அவர், செக் நாட்டு இசைமேதை துவோர்ஷாக்கின் மெட்டிற்குத் தம் ஊர் மேட்டுநிலத்தைப் பற்றிய சொற்களைப் பொருத்தினார். இசைக்கல்வி முறையாகப் பெறாதவர் துணிந்து செய்தவை இவை.

அவர் பாடல்களுள் நிலைத்துவிட்டது, விண்மீன் கூட்டங்களை ஒவ்வொன்றாகப் பெயர்சொல்லி வலம்வரும் எளிய பாடல். சொல்லும் மெட்டும் அவருடையவையே. 2021 இல் டோக்கியோ ஒலிம்பிக் நிறைவு விழாவில், சுடர் அணைந்த வேளையில் ஒலித்ததும் இப்பாடலே.

1922 நவம்பர் 27 ஆம் நாள், பனியும் மழையும் கலந்து பெய்த பொழுதில், தோஷி காசநோயால் இறந்தார். அவருக்கு வயது 24. ஐந்து உடன்பிறப்புகளுள் கென்ஜியின் உள்ளத்தை முழுதும் அறிந்தவர் அவரே. நோயுற்ற தங்கை கேட்டதற்காக, வெளியே ஓடிக் கிண்ணத்தில் பனி அள்ளி வந்ததைக் கென்ஜி கவிதையாக்கினார். ஜப்பானிய மொழியின் இரங்கற்பாக்களுள் இதற்கு இணையானவை மிகச் சில. அதன்பின் பல திங்கள் அவர் கவிதை எழுதவில்லை. அடுத்த ஆண்டுக் கோடையில் வடக்கே சகாலின் தீவுவரை பயணம் சென்றார். இறந்தவர் எங்கே செல்கிறார் என்னும் கேள்வி அப்பயணத்தில் அவருடன் சென்றது. பால்வீதியில் ஓடும் தொடர்வண்டியில் இரு சிறுவர் செல்லும் அவருடைய புகழ்பெற்ற புதினத்தின் வித்து இங்கேதான் விழுந்தது என்று கருதலாம். அதில் வரும் ஜியோவன்னி, பள்ளி முடிந்ததும் அச்சகத்தில் எழுத்துப் பொறுக்கும் ஏழைச் சிறுவன். அவன் நண்பன் கம்பனெல்லா, ஆற்றில் விழுந்த மற்றொருவனைக் காக்கப் பாய்ந்து உயிர்விட்டவன். இந்நூலைக் கென்ஜி இறுதிக்காலம்வரை திருத்தித் திருத்தி எழுதினார், அச்சில் காணவில்லை.

1924 இல் ஒரு கவிதை நூலும் ஒரு சிறுவர் கதைநூலும் ஆயிரம் படிகள் வீதம் வெளிவந்தன. கவிதை நூல் தம் சொந்தச் செலவில் பதிப்பித்தது. இரண்டும் விற்கவில்லை. அவர் வாழ்நாளில் நூல்வடிவம் பெற்றவை இவ்விரண்டே.

வயலில் ஓர் எழுத்தாளர்

மாத ஊதியம் பெற்றுக்கொண்டு, மாணவர்களை மட்டும் உழவராகுங்கள் என்று கூறுவது முறையன்று என அவர் எண்ணினார். 1926 மார்ச்சில் வேலையைத் துறந்து, ஊர்ப்புறத்தில் குடும்பத்திற்குரிய மற்றொரு வீட்டில் தனியே குடியேறி நிலத்தைத் தாமே கொத்தினார். தேடி வருவோர்க்காக, கீழ்வயலில் இருப்பதாகக் கதவருகே கரும்பலகையில் எழுதி வைப்பார். இளம் உழவர்களைக் கூட்டி, ‘ராசு சிஜின்’ என்னும் கழகத்தை நிறுவினார். மண்ணியலும் உரவியலும் அங்குக் கற்பிக்கப்பட்டன. இசைத்தட்டு கேட்பதும் கூட்டாக இசைக்கருவி பயில்வதும் உடன் நடந்தன. கென்ஜி வாங்கியது செல்லோ. அதனைக் கற்க டோக்கியோவில் மூன்று நாள் மட்டும் பாடம் கேட்டார். விலங்குகளிடமிருந்து இசை கற்கும் தேர்ச்சியற்ற செல்லோக் கலைஞன் ஒருவனைப் பற்றி அவர் எழுதிய கதையில், அந்தப் பட்டறிவின் நகைச்சுவை தெரிகிறது.

ஊரார் அனைவரும் அவரைப் போற்றவில்லை. செல்வர் மகனின் விளையாட்டு என்று நகைத்தோர் பலர். காவல்துறையின் ஐயப்பார்வையும் விழுந்தது. ஆயினும் உரத்திட்டம் கேட்டு வந்தோர் வரிசை குறையவில்லை. நிலத்தின் தன்மை, நீர்வசதி, முந்தைய விளைச்சல் ஆகியவற்றைக் கேட்டறிந்து, இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட திட்டங்களைக் கட்டணமின்றி எழுதித் தந்தார். அவர் கூறிய அளவில் உரமிட்ட பயிர் மழையில் சாய்ந்தால், பழியும் அவர்மேல் வரும். 1928 கோடையில் வறட்சியும் குலைநோயும் சேர்ந்து வந்தன. வயல் வயலாக அலைந்த கென்ஜி நுரையீரல் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார்.

அவ்வட்டாரத்து எரிமலைச் சாம்பல் மண் புளிப்புத்தன்மை மிக்கது. சுண்ணாம்பு இட்டால் அது சீர்படும் என்பதை அவர் கல்லூரியிலேயே கற்றிருந்தார். சற்றே நலம் பெற்றதும், 1931 இல் சுண்ணாம்புக்கல் தூள் செய்யும் தொழிற்சாலையில் பொறியாளராகச் சேர்ந்தார். பொறியாளர் என்பது பெயரளவே. கல் மாதிரிகள் நிறைந்த கனத்த பெட்டியைச் சுமந்து ஊர் ஊராக விற்பதே பணி. நோயாளியின் உடல் அதைத் தாங்கவில்லை. அவ்வாண்டு செப்டம்பரில் டோக்கியோ விடுதியில் காய்ச்சலில் விழுந்தவர், பெற்றோருக்கு இறுதி மடல் எழுதும் நிலைக்குச் சென்று ஊர் மீண்டார். நவம்பர் 3 ஆம் நாள், படுக்கையிலிருந்தபடியே சிறு குறிப்பேட்டில், தாம் எத்தகைய மனிதராக வாழ விரும்பினார் என்பதைச் சில வரிகளில் குறித்தார். அது அச்சுக்காக எழுதப்பட்டதன்று. இன்று ஜப்பானில் மிகுதியாக மனப்பாடம் செய்யப்படும் கவிதைகளுள் அது ஒன்று.

1932 இல் வெளிவந்த நெடுங்கதையொன்றில், குளிர்க்கோடை நெருங்குவதை அறிந்த புதோரி என்னும் இளைஞன், எரிமலையை வெடிக்கச்செய்து காற்றை வெப்பமாக்குகிறான். அப்பணிக்காக மலையில் தங்கும் ஒருவர் மீளமுடியாது. அவ்வொருவனாகத் தானே நிற்கிறான். எழுதியவர் தம் ஊரின் பஞ்ச ஆண்டுகளை மறந்தவர் அல்லர்.

1933 இல் இவாத்தேயில் நெல் நன்கு விளைந்தது. செப்டம்பர் 20 ஆம் நாள் மாலை, உரம் பற்றிக் கேட்க உழவர் ஒருவர் வந்தார். வீட்டார் தடுத்தும் கென்ஜி எழுந்து, உடைமாற்றி அமர்ந்து, நெடுநேரம் பொறுமையாக விளக்கினார். மறுநாள் பிற்பகலில் உயிர் நீத்தார், அகவை 37. தாமரைச் சூத்திரத்தை ஆயிரம் படிகள் அச்சிட்டு நண்பர்க்கு வழங்குமாறு தந்தையிடம் இறுதியாக வேண்டினார். மசாஜிரோ அதனை நிறைவேற்றினார்.

பெட்டியிலிருந்த கையெழுத்துப் படிகளைத் தம்பி செய்ரோக்கு காத்தார். கவிஞர்கள் குசானோ ஷின்பெய், தகமுரா கோத்தரோ ஆகியோர் முயற்சியால் 1934 முதல் அவை தொகுதிகளாக வரத் தொடங்கின. 1945 ஆகஸ்டு 10 ஆம் நாள் ஹனமாக்கியின்மேல் குண்டுகள் விழுந்து மியாசவா குடும்பத்தின் வீடு எரிந்தது. கிடங்கில் வைத்திருந்த படிகள் தப்பின.