ருடால்ப் டீசல்

கிணற்றங்கரையில் நின்று ஓயாது நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை உழவர் யாவரும் அறிவர். டீசல் என்பது எண்ணெயின் பெயர் என்றே பலரும் கருதுவர். உண்மையில் அஃது ஒரு மனிதரின் பெயராகும். எரிபொருள் வீணாவதைக் கண்டு பொறாது, அதனைத் தடுப்பதற்கென்றே தம் வாழ்நாளைச் செலவிட்ட பொறியியல் அறிஞர் அவர்.

இளமையும் கல்வியும்

ருடால்ப் டீசல் 1858-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் பாரிசு நகரில் பிறந்தார். பெற்றோர் ஜெர்மானியர். தந்தையார் தோற்பொருள்கள் செய்து விற்று வந்த சிறு தொழிலாளர். அப்பொருள்களைத் தள்ளுவண்டியில் ஏற்றிச் சென்று வாங்குவோரிடம் சேர்ப்பது சிறுவன் ருடால்பின் வேலை. சிறு தொழிலாளர் படும் பாட்டினை அவர் இளமையிலேயே உணர்ந்தார்.

1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பாரிசில் வாழ்ந்த ஜெர்மானியர் ஊரை விட்டு வெளியேற நேர்ந்தது. டீசல் குடும்பத்தார் இலண்டன் சென்று வறுமையில் வாடினர். பன்னிரண்டு வயதே நிரம்பிய ருடால்ப், ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரில் கணித ஆசிரியராக இருந்த உறவினரிடம் அனுப்பப்பட்டார். அங்கே அவர் கண்ணுங்கருத்துமாகப் பயின்று, உதவித்தொகை பெற்று, மியூனிக் நகரத் தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார்.

உள்ளத்தில் விழுந்த வித்து

அக்கல்லூரியில் கார்ல் லிண்டே என்னும் பேராசிரியர் வெப்ப இயலைக் கற்பித்து வந்தார். நீராவிப் பொறியில் எரிக்கப்படும் நிலக்கரியின் வெப்பத்தில் நூற்றுக்குப் பத்துப் பங்கே, அல்லது அதனினும் குறைவாகவே, வேலையாக மாறுகிறது என்று அவர் விளக்கினார். எஞ்சிய தொண்ணூறு பங்கும் வீணே கழிந்தது. இச்செய்தி மாணவர் டீசலின் உள்ளத்தில் ஆழப் பதிந்தது. பெரிய நீராவிப் பொறிகளைச் செல்வர் மட்டுமே வாங்க இயலும். எளியோர் வாங்கத்தக்க சிறு பொறிகளோ எரிபொருளை இன்னும் மிகுதியாக விழுங்கின. குறைந்த செலவில் இயங்கும் பொறி ஒன்று கிடைப்பின் சிறு தொழிலாளரும் தலைநிமிர்ந்து வாழ்வர் என்று அவர் எண்ணினார்.

மிதிவண்டிக்குக் காற்றடிக்கும் குழாய் சூடேறுவதை யாவரும் அறிவர். காற்றை அழுத்தினால் வெப்பம் மிகும் என்பதே அதன் காரணம். உருளைக்குள் காற்றை மிகுதியாக அழுத்தினால், அதில் பீச்சப்படும் எண்ணெய் தீப்பொறியின் துணையின்றியே பற்றிக்கொள்ளும். அழுத்தம் மிகுந்தால், எரிபொருளின் வெப்பத்தில் வேலையாக மாறும் பங்கும் மிகும். இதுவே டீசல் கண்ட நெறி. 1892-இல் அவர் இதற்குக் காப்புரிமை கோரினார்.

இடையூறும் வெற்றியும்

ஆக்ஸ்பர்க் நகரத்துப் பொறித் தொழிற்சாலை ஒன்று அவருக்குத் துணைநின்றது. 1893 ஆகஸ்டு 10-ஆம் நாள் முதற் சோதனை நடந்தது. எரிபொருளைச் செலுத்தியதும் பொறியிலிருந்த அளவுக்கருவி வெடித்துச் சிதறியது. டீசல் மயிரிழையில் உயிர் தப்பினார். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. காற்றழுத்தத்தால் எண்ணெய் பற்றும் என்பது மெய்யாயிற்று என்றே மகிழ்ந்தார். 1894-இல் பொறி ஒரு நிமிட அளவு தானே இயங்கியது. பின்னரும் மூன்றாண்டுகள் இடையறாது உழைத்தார். 1897-இல் பேராசிரியர் ஒருவர் முறைப்படி சோதித்தபோது, எரிபொருளின் வெப்பத்தில் நூற்றுக்கு 26 பங்கு வேலையாக மாறியது. அக்காலத்தில் வேறெந்த வெப்பப் பொறியும் இத்துணைச் சிக்கனமாக இயங்கியதில்லை.

1900-இல் பாரிசில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் சிறிய டீசல் எஞ்சின் ஒன்று நிலக்கடலை எண்ணெயைக் கொண்டு இயங்கியது. உழவரின் நிலத்தில் விளைவதே அவர்தம் பொறிக்கு உணவாகலாம் என்பதை அஃது எடுத்துக்காட்டியது.

துன்ப முடிவு

புகழும் செல்வமும் டீசலைத் தேடி வந்தன. எனினும் தொடக்கத்தில் விற்கப்பட்ட பொறிகள் பல அடிக்கடி பழுதுற்றன. பொருளிழப்பும் உடல்நலக் குறைவும் அவரை வருத்தின. 1913 செப்டம்பர் 29-ஆம் நாள் இரவு, இங்கிலாந்து நோக்கிச் சென்ற கப்பலில் அவர் பயணம் செய்தார். மறுநாட் காலையில் அவரைக் காணவில்லை. சில நாள்களுக்குப் பின்னர் அவரது உடல் கடலில் மிதக்கக் கண்டனர். அவர் இறந்த வகை இன்றளவும் ஐயத்துக்குரியதாகவே உள்ளது.

கனவு நனவாதல்

டீசல் வாழ்ந்த காலத்தில் அவரது பொறி பருமன் மிக்கதாகவே இருந்தது. எண்ணெயைப் பீச்சுவதற்குக் காற்றழுத்தக் கருவி ஒன்று தனியே வேண்டியிருந்ததே அதற்குக் காரணம். எண்ணெயை நேரே பீச்சும் சிறு பம்புகளை 1927 முதல் ஜெர்மனியில் பெருமளவிற் செய்யத் தொடங்கினர். அதன்பின் சிறிய டீசல் எஞ்சின்கள் எளிதிற் கிடைத்தன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவை நம் நாட்டு வயல்களிற் பரவின. ஏற்றமும் கவலையும் இறைத்த கிணறுகளில் எஞ்சின் இறைக்கலாயிற்று. சிறு தொழிலாளருக்கென எண்ணப்பட்ட பொறி சிறு உழவரின் துணையாயிற்று.

ஆயினும் டீசல் போக்க முயன்ற வீண்செலவு வேறு வழிகளில் நுழைவதுண்டு. புட் வால்வின் துளைகள் சிறியனவாயினும், குழாய் குறுகியதாயினும் நீர் ஏறுவதற்கு மிகுந்த ஆற்றல் செலவாகும். நீர் விழும் குழாயை வேண்டிய அளவினும் உயர்த்தி வைத்தால், அவ்வுயரத்திற்கும் எண்ணெய் எரியும். தேவைக்கு மிஞ்சிய பெரிய எஞ்சினும் எண்ணெயை வீணாக்கும். கரும்புகை எழுமாயின் எண்ணெய் முற்றும் எரியவில்லை என்பது பொருள். இக்குறைகளைக் களைவதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை; உற்றுநோக்கும் கண்ணே வேண்டும்.

வீணாவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்த்த ஒரு மாணவரின் சிந்தனையே உலகின் உழைப்பை எளிதாக்கியது. சிக்கனம் என்பது ஆற்றலைச் செலவிட அஞ்சுவதன்று. செலவிடும் ஆற்றல் முழுவதையும் பயனாக்க முயல்வதே ஆகும். டீசலின் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவே.