டாக்டர் பாப்பனிகோலாவும் மனைவி மேரியும்

பாப் ஸ்மியர் என்ற பேரை நம் தோட்டத்துப் பெண்கள் கேட்டிருப்பார்கள். கிளினிக்கில் மிஸ்ஸி சொல்லியிருப்பார். கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிட்டவர்களும் உண்டு. அந்தப் ‘பாப்’ ஓர் ஆளின் பேர் என்பது பலருக்குத் தெரியாது. ஜார்ஜ் பாப்பனிகோலாவ் என்ற கிரேக்க டாக்டரின் பேரைத்தான் அப்படிச் சுருக்கிச் சொல்கிறார்கள்.

1883-இல் கிரேக்க நாட்டில் கிமி என்ற ஊரில் பிறந்தவர். தகப்பனாரும் டாக்டர்தான். 1904-இல் ஏதென்ஸில் மருத்துவப் பட்டம் வாங்கினார். ஊரிலேயே வைத்தியம் பார்த்துச் சௌகரியமாக இருந்திருக்கலாம். அவருக்கோ ஆராய்ச்சியில்தான் மோகம். ஜெர்மனி போய் மேல்படிப்பு முடித்தார். 1910-இல் மேரியைக் கைப்பிடித்தார்.

1913-இல் இருவரும் கப்பலேறி நியூயார்க்கில் வந்து இறங்கினார்கள். கையில் இருந்தது சுமார் 250 அமெரிக்க வெள்ளி. பிழைக்க வந்த நாட்டில் முதல் வருஷம் எப்படியிருக்கும் என்று தாத்தா பாட்டி சொல்லக் கேட்டவர்களுக்கு இது நன்றாகவே புரியும். மேரி ஒரு பெரிய கடையில் பொத்தான் தைத்தார், வாரத்துக்கு 5 வெள்ளி. டாக்டர் அதே கடையில் கம்பளம் விற்க நின்றார். ஒரே நாள்தான் தாக்குப்பிடித்தார். பிறகு சாப்பாட்டுக் கடையில் வயலின் வாசித்தார், கிரேக்கப் பத்திரிகை ஒன்றில் கிராணி வேலை பார்த்தார். மறு வருஷம்தான் கார்னல் மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது. மேரியும் கூடவே போனார், சம்பளமில்லாத உதவியாளராக.

அங்கே கினிப்பன்றிகளை வைத்து ஆராய்ச்சி. கருமுட்டை எப்போது முதிர்கிறது என்று அறிய, பெண் பிராணியின் உறுப்பிலிருந்து கசிவை எடுத்துக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். உயிரணுக்களின் உருவம் நாளுக்கு நாள் மாறியது. 1917-இல் அதை வெளியிட்டார். மனுஷப் பெண்ணிடமும் அப்படித்தானா? பார்ப்பதற்கு எந்தப் பெண் சம்மதிப்பாள்? மேரி சம்மதித்தார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, இருபது வருஷத்துக்கு மேல் தன் உடம்பிலிருந்து மாதிரி கொடுத்து வந்தார். பேர் என்னவோ கணவருக்குப் போய்விட்டது. நம்மைக் கேட்டால் பாதிப் பேர் மேரிக்குச் சேரவேண்டும்.

பிறகு ஆஸ்பத்திரிப் பெண்களின் மாதிரிகளையும் பார்த்தபோது, சிலவற்றில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயின் அணுக்களே தெரிந்தன. 1928-இல் அதைச் சொன்னார். பெரிய டாக்டர்கள் கண்டுகொள்ளவில்லை. சதையை வெட்டிப் பார்க்கும் வழி இருக்கும்போது இது எதற்கு என்பது அவர்கள் எண்ணம். வெட்டிப் பார்க்கும் நேரத்தில் நோய் முற்றியிருக்குமே என்பதை யோசிக்கவில்லை! மனுஷர் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்தார். டாக்டர் டிராவ்ட் துணைக்கு வந்த பின் 1941-இல் கட்டுரையும் 1943-இல் நூலும் வந்தன. அப்போது அவருக்கு வயது 60. அதன் பிறகு பரிசோதனை பரவிய நாடுகளில் இந்த நோயால் சாவது பாதிக்கு மேல் குறைந்தது. 1962-இல் அவர் மாரடைப்பில் இறந்தார்; மேரி 1982 வரை இருந்தார்.

ஆனால் அவர் முறைக்குக் கட்டில் வேண்டும், கருவி வேண்டும், டாக்டரோ மிஸ்ஸியோ வேண்டும். அன்றைக்குச் சம்பளம் போகும், டவுனுக்குப் போகவேண்டும், ஆம்பளை டாக்டராக இருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம் வேறு. ஒண்ணும் நோகலையே என்று இருந்துவிடுவார்கள். இந்த நோய் ஆரம்பத்தில் நோகாது என்பதுதான் ஆபத்து.

மேரி மறைந்த மறு வருஷம், 1983-இல், ஹரால்ட் ஜூர் ஹவுசன் என்ற ஜெர்மன் விஞ்ஞானி நோய்க்குக் காரணமான எச்.பி.வி. கிருமியின் முக்கிய வகையைக் கண்டறிந்தார். 2008-இல் நோபல் பரிசும் பெற்றார். கிருமியைத் தேடுவதற்குக் கட்டிலும் கருவியும் தேவையில்லை. மறைவான இடத்தில், பெண் தானே ஒரு மெல்லிய பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு, சில தடவை சுற்றி, குழாயில் போட்டுக் கொடுத்தால் போதும். அடுத்தவர் பார்க்கவோ தொடவோ வேண்டியதில்லை. நம் நாட்டிலும் 2018-இல் மலாயாப் பல்கலைக்கழகம் ‘ரோஸ்’ என்ற திட்டத்தில் இதைத் தொடங்கியது. முடிவு கைத்தொலைபேசிக்கே வந்தது. உலகச் சுகாதார நிறுவனமும் 30 வயதிலிருந்து இந்தக் கிருமிப் பரிசோதனை செய்யச் சொல்கிறது. தானே எடுத்த மாதிரியையும் ஏற்கிறது.

கிருமி இருக்கிறதென்று முடிவு வந்தால் புற்றுநோய் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பலருக்குத் தானாகவே போய்விடும். ஆனாலும் கூப்பிட்டால் கிளினிக்குக்குக் கட்டாயம் போகவேண்டும். அங்கே டாக்டர் பார்த்துத்தான் ஆகவேண்டும். மாதவிலக்கு நின்ற பிறகு உதிரம் பட்டாலோ, கணவனோடு சேர்ந்த பின் பட்டாலோ குச்சிக்காகக் காத்திருக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.